முகவரி சொல்லக் கூடாத பூ

தி.நகரிலோ மயிலாப்பூரிலோ கடைசியாக நீங்கள் போன கல்யாண ரிசப்ஷனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டில் என்ன ஸ்வீட் போட்டார்கள், கச்சேரியில் யார் பாடினார்கள் என்பதெல்லாம் மறந்து போயிருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் நின்ற மேடைக்குப் பின்னால் ஊதாவும் வெள்ளையுமாக வரிசை கட்டி நின்றதே ஒரு பூ, அது ஞாபகமிருக்கிறதா? வாசனை இருக்காது. சீக்கிரத்தில் வாடாது. தொட்டுப் பார்த்தால் மெழுகில் செய்த பொம்மையோ என்று சந்தேகம் வரும். அதுதான் ஆர்க்கிட்.

பெரும்பாலும் டெண்ட்ரோபியம் என்ற இனத்தின் கலப்பின வகைகள் இவை. இந்த வியாபாரத்தில் தாய்லாந்துக்காரர்கள் பெரிய கை. அதனாலேயே ஆர்க்கிட் என்றால் ஏதோ ஃபாரின் சரக்கு, பணக்கார வீட்டுப் பூ என்று நம் மனசில் பதிந்துவிட்டது.

உண்மை வேறு. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி நம் நாட்டில் மட்டும் 1,256 வகை ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். தமிழ்நாட்டின் தென்கோடி மலையில் பூக்கிற பூ. மதராஸில் அச்சான ஒரு புத்தகத்தில் பெயர் சூட்டப்பட்ட பூ. இரண்டு முறை மனிதன் கண்ணில் பட்டு, இரண்டு முறையும் அதற்காகவே தண்டனை அனுபவித்த பூ.

கதை 1865-ல் ஆரம்பிக்கிறது. ஹீபர் ட்ரூரி என்று ஒரு ராணுவ அதிகாரி. மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்தவர். துப்பாக்கியைவிடச் செடி கொடிகளின் மேல்தான் மனிதருக்குக் காதல் ஜாஸ்தி. 1858-லேயே மதராஸ் அசைலம் பிரஸ்ஸில் ஒரு புத்தகம் போட்டிருந்தார். தலைப்பு, 'இந்தியாவின் பயனுள்ள தாவரங்கள்'. எந்த மரம் கட்டடத்துக்கு ஆகும், எந்த நார் கயிறு திரிக்க உதவும், எந்த வேர் மருந்துக்கு ஆகும் என்று அத்தனையும் எழுதியிருந்தார். கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதானே? எந்தச் செடியைப் பார்த்தாலும் இதில் காசு பண்ண முடியுமா என்று கேட்ட காலம் அது.

அந்த ட்ரூரி, திருவிதாங்கூருக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் நிற்கிற மலைகளில், களக்காட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பூவைப் பார்த்தார். மஞ்சள் நிறம். மேலே நிமிர்ந்து நிற்கிற இதழின் நடுவில், தூரிகையால் இழுத்த மாதிரி ஒரு கரும்பழுப்புக் கோடு. பக்கத்து இதழ்கள் இரண்டிலும் அதே கோடு. கீழே, குழந்தையின் குட்டிச் செருப்பு மாதிரி ஒரு பை. மருந்துக்கு ஆகாது, கயிறு திரிக்க ஆகாது. அழகாக இருந்தது, அவ்வளவுதான். பயனுள்ள தாவரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவரின் பெயர், ஒரு பயனும் இல்லாத இந்தப் பூவோடுதான் சேர்ந்து நிலைத்தது.

பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். இவரும் ராணுவத்திலிருந்து வனத்துறைக்கு வந்தவர்தான். மதராஸ் மாகாணக் காடுகளுக்கு இருபது வருடங்களுக்கு மேல் தலைமைப் பாதுகாவலராக இருந்தவர். மரம், பெரணி, பாம்பு, ஓணான் என்று எதையும் விட்டுவைக்காமல் வரைந்தும் வகைப்படுத்தியும் தள்ளினார். தென்னிந்தியத் தாவரங்களின் படங்களைத் தொகுத்து, மதராஸ் கான்ட்ஸ் பிரதர்ஸ் மூலம் 1868 முதல் 1874 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட நூலில்தான் ட்ரூரியின் பூ 1874-ல் அரங்கேறியது. 'சிப்ரிபீடியம் ட்ரூரியை' என்பது அப்போது வைத்த பெயர். பிறகு இனத்தை மாற்றியதில் 'பாஃபியோபெடிலம் ட்ரூரியை' ஆயிற்று. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அர்த்தம் சுவையானது. பாஃபோஸ் என்பது கிரேக்கர்களின் காதல் தெய்வம் கோயில் கொண்டிருந்த ஊர். பெடிலான் என்றால் செருப்பு. ஆக, காதல் தேவதையின் செருப்பு!

இந்தச் செருப்புக்குள் ஒரு தந்திரமும் உண்டு. இந்த இனத்துப் பூக்கள் எதிலும் தேன் கிடையாது. இருக்கிறது என்று நம்பி வருகிற பூச்சி வழுக்கிப் பைக்குள் விழும். வெளியே வர ஒரே வழிதான். மகரந்தத்தின் மேல் உரசிக்கொண்டுதான் அந்த வழியில் ஏற முடியும். ஏமாந்த பூச்சி அடுத்த பூவிலும் போய் ஏமாந்தால் இதன் வம்சம் விருத்தியாகும்.

சரி, இந்தப் பூவில் அப்படி என்ன விசேஷம்? விசேஷம் அது இருக்கிற இடம். இந்தியாவில் இருக்கிற மற்ற செருப்பு ஆர்க்கிட்டுகள் எல்லாம் அஸ்ஸாம், மேகாலயா, மணிப்பூர் என்று வடகிழக்கிலும் இமயமலை அடிவாரத்திலும் இருப்பவை. தென்னிந்தியாவுக்கென்று இருப்பது இது ஒன்றே ஒன்றுதான். நடுவில் சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. அகத்தியர் மலையும் அதைச் சுற்றிய முகடுகளும்தான் அதன் மொத்த உலகம்.

தீவு என்றால் கடல் சூழ்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கீழே வெயிலில் காயும் சமவெளி, மேலே 1,868 மீட்டர் உயரத்துக்கு எழும்பி மேகத்தில் தலை நனைக்கிற அகத்தியர் மலை. உச்சியின் குளிரில் வாழப் பழகிய செடிக்குக் கீழே இருக்கிற சமவெளி, கடல் மாதிரிதான். தாண்ட முடியாது. உலகம் இன்றைக்கிருப்பதைவிடக் குளிர்ந்திருந்த காலத்தில் இந்த மாதிரிச் செடிகள் பரவலாக இருந்திருக்கும், சூடு ஏற ஏற மலையுச்சிகளில் ஒதுங்கித் தனித்துப் போயிருக்கும் என்பது தாவரவியலாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. ஊட்டியில் சிவப்பாகப் பூக்கிற ரோடோடெண்ட்ரான் மரத்தின் உறவுக்காரர்களும் இமயமலையில்தான் இருக்கிறார்கள். இவற்றுக்கு 'வானத்துத் தீவுகள்' என்றே பெயர்.

தீவில் இருப்பவனுக்கு ஒரு கஷ்டம். வெள்ளம் வந்தாலும் திருடன் வந்தாலும் ஓடுவதற்கு வேறு இடம் கிடையாது.

திருடன் வந்தான். அதைப் புரிந்துகொள்ள, அன்றைய இங்கிலாந்தைப் பார்த்துவிட வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்திருந்தது. சாதாரணப் பைத்தியமில்லை. கண்ணாடி வீடு கட்டி, அடுப்பெரித்துச் சூடேற்றி, வெப்ப நாட்டுப் பூக்களை வளர்த்து, விருந்தாளிகளிடம் காட்டிப் பெருமையடித்துக்கொள்ள வேண்டும். ஃப்ரெடரிக் சாண்டர் என்பவர் லண்டனுக்கு அருகே செயின்ட் ஆல்பன்ஸில் வரிசையாகக் கண்ணாடி வீடுகள் கட்டி, உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் ஆளனுப்பிச் செடிகளை அள்ளி வரச் செய்தார். 'ஆர்க்கிட் ராஜா' என்றே அவருக்குப் பட்டம். பாஃபியோபெடிலம் ஃபேரியானம் என்று இன்னொரு செருப்புப் பூ. 1857-ல் இங்கிலாந்தில் பூத்தது. பிறகு அது எங்கிருந்து வந்தது என்றே யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு ஆயிரம் பவுண்டு பரிசு என்று சாண்டர் அறிவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூட்டானில் அகப்பட்டது.

விஞ்ஞானிகளும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. ஜோசஃப் ஹூக்கர், பிற்பாடு லண்டன் கியூ தோட்டத்தின் இயக்குநரானவர். 1850-ல் காசி மலையில் நீல வாண்டா என்ற ஆர்க்கிட்டைப் பார்த்தார். கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை செடிகளைச் சேகரித்து அனுப்பினார். அதில் பிழைத்தது கொஞ்சம்தான். இடத்தைத் தெரிந்துகொண்ட இன்னொருவர் ஒரே ஒரு ஆள் சுமையை அனுப்பினார். அதுவும் நொந்து போய்த்தான் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் 300 பவுண்டுக்கு விலை போனது. இதை எழுதி வைத்திருப்பவர் ஹூக்கரேதான். புத்தகத்தில் இப்படி ஒரு கணக்கு வந்த பிறகு, அந்த மலைக்கு யார் யார் கூடையோடு கிளம்பியிருப்பார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

காமர்ஸ் படித்தவனுக்கு முதல் வருடமே சொல்லித் தருவார்கள். சப்ளை குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் உற்பத்தி பெருகும், சந்தை தன்னால் சமநிலைக்கு வரும் என்று. சட்டைத் துணிக்கும் சைக்கிளுக்கும் அது சரி. காட்டில் முளைக்கிற ஆர்க்கிட்டுக்குத் தொழிற்சாலை ஏது? எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறும். விலை ஏற ஏறக் கடைசிச் செடியையும் தேடிப் போக ஆள் கிடைப்பான். பூஜ்யத்தில் போய்த்தான் கணக்கு முடியும்.

அது ஏன் சீக்கிரம் பெருகுவதில்லை? ஆர்க்கிட்டின் ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சிலவற்றில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கும். தூசி மாதிரி. ஆனால் நெல்லுக்குள் அரிசி இருக்கிறதே, அப்படி முளைக்குத் தேவையான சாப்பாடு எதுவும் இந்த விதைக்குள் கிடையாது. விழுந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட பூஞ்சை இருந்து, அது ஊட்டிவிட்டால்தான் முளைக்கும். 1899-ல் நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த ரகசியம் இது. 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்ஸன், பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த கூழில் வைத்து முளைக்க வைத்தார். நம் கல்யாண மேடைக்கு ஆர்க்கிட் வர முடிந்ததற்கு அதுதான் முதல் படி. சோதனைக் குழாயில் இது நடக்கும். மலையில் நடக்க, அந்தப் பூஞ்சையும் அந்த மழையும் அந்தச் சரிவும் சேர்ந்து அமைய வேண்டும். முளைத்த பிறகும் பூப்பதற்குச் சில வருடங்கள் ஆகும். அதைப் பிடுங்குவதற்கு எவ்வளவு நேரம்? அரை நிமிஷம்.

ட்ரூரியின் பூ படிப்படியாகக் கண்ணில் படாமல் போனது. அழிந்தே போய்விட்டது என்றுகூடப் பேச்சு வந்தது. 1970-களின் தொடக்கத்தில்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். காணாமல் போன பிள்ளை திரும்பி வந்தால் வீட்டில் என்ன செய்வோம்? சாப்பாடு போடுவோம். இங்கே நடந்தது வேறு. இருக்கிறது என்ற செய்தி பரவியதுமே வியாபாரிகளின் ஆட்கள் மலையேறினார்கள். மிச்சமிருந்த செடிகளும் பிடுங்கப்பட்டன. போதாக்குறைக்குப் புல்வெளிகளில் பரவும் காட்டுத் தீ. மரநிழலில் பதுங்காமல் வெயில் விழும் பாறைச் சரிவுகளில், புற்களுக்கு நடுவே வளர்கிற செடி இது. தீ வந்தால் தப்பிக்க வழியில்லை.

முதல் முறை கண்டுபிடித்தபோது பெயர் கிடைத்தது. இரண்டாம் முறை கண்டுபிடித்தது எமனுக்குத் தகவல் சொன்ன மாதிரி ஆயிற்று.

சட்டம் வராமல் இல்லை. அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1973-ல் வாஷிங்டனில் உருவானது. இந்தியா 1976-ல் சேர்ந்தது. 1990 முதல் எல்லா பாஃபியோபெடிலங்களும் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் 1991-ல் செடிகளுக்கென்று ஓர் அட்டவணை சேர்த்தார்கள். அப்போது மொத்தம் ஆறே ஆறு வரிகள். அதில் ஒரு வரி, செருப்பு ஆர்க்கிட். இன்னொரு வரி எது தெரியுமா? பெட்டோமின் பெயரைத் தாங்கிய சைகஸ் மரம்! ஆக, இவர் பெயர் வைத்த பூவும் இவருடைய பெயரை வைத்துக்கொண்ட மரமும் ஒரே ஆபத்துப் பட்டியலில் போய்ச் சேர்ந்தன.

சட்டத்தால் எல்லாம் நின்றுவிட்டதா? 2002-ல் பெரு நாட்டில் சாலையோரக் கடை ஒன்றில் ஓர் அமெரிக்கர் பெரிய செருப்புப் பூச்செடி ஒன்றை வாங்கினார். அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் ஃப்ளோரிடாவுக்குக் கொண்டு போனார். புது வகை என்று தெரிந்ததும் அவசர அவசரமாக அவர் பெயரையே வைத்தார்கள், ஃப்ராக்மிபெடியம் கோவாச்சி என்று. வழக்கு நடந்தது. கிடைத்த தண்டனை, ஆயிரம் டாலர் அபராதமும் இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும். அதற்குள் அந்தப் பூ முதலில் அகப்பட்ட இடத்தைச் சேகரிப்பாளர்கள் துடைத்து வைத்துவிட்டார்கள். வியட்நாமில் 1999-ல் பெயர் சூட்டப்பட்ட பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ், அடுத்த சில வருடங்களிலேயே காட்டில் இல்லாமல் போனது. கியூட்டிக்யூராவும் கேரேஜும் வைத்திருப்பவன் செய்கிற சில்லறைத் திருட்டில்லை இது. ரசிகர்கள் செய்கிற திருட்டு. பூவை வெறுப்பவர்களால் எந்த ஆர்க்கிட்டும் இவ்வளவு சீக்கிரம் அழிந்ததில்லை.

ஒரே ஒரு நல்ல கதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனிலேயே ஒரு செருப்பு ஆர்க்கிட் உண்டு. பிடுங்கிப் பிடுங்கியே அதைத் தீர்த்தார்கள். 1917-ல் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். 1930-ல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. பார்த்தவர்கள் செய்த புத்திசாலித்தனம் என்ன தெரியுமா? வாயை மூடிக்கொண்டார்கள்! பல பத்தாண்டுகள் இடம் ரகசியமாகவே இருந்தது. பூக்கிற பருவத்தில் காவலுக்கு ஆள் போட்டார்கள். பிற்பாடு கியூ தோட்டத்து விஞ்ஞானிகள் விதையெடுத்து வளர்த்து, நாற்றுகளைத் திரும்பக் காட்டில் நட்டார்கள். ஹவாய்த் தீவுகளில் சொந்த ஆர்க்கிட்டே மூன்று வகைதான். அதில் ஒன்று மலையுச்சிச் சதுப்பில் வளர்வது. அதைக் காப்பாற்றக் காட்டுப்பன்றிகள் நுழையாதபடி சதுப்பைச் சுற்றி வேலி போட்டார்கள். ஓர் இடத்தில் ரகசியம், ஓர் இடத்தில் வேலி. எப்படியோ செடி அதனுடைய இடத்தில் நிற்க வேண்டும்.

நம் பூவுக்கும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோடில், 1979-ல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கே இதன் விதைகளைச் சோதனைக் குழாயில் முளைக்க வைத்து, நாற்றுகளைத் திரும்ப மலையில் நட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழிவின் விளிம்பில்' என்ற கட்டத்தில்தான் இது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டு நர்சரிகளில் ட்ரூரியின் பூ தொட்டியில் கிடைக்கிறது. என்றைக்கோ இங்கிருந்து போன செடிகளின் வாரிசுகள் அங்கே சௌக்கியம். பிறந்த வீட்டில்தான் ஆளைக் காணோம்.

தொட்டியில் இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கதீட்ரல் ரோடில் போகும்போது பாருங்கள். 1835-ல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பெயரோடு சேர்ந்த இடம் அது. இன்றைக்கு அந்தச் சாலையில் 2010-ல் திறந்த செம்மொழிப் பூங்காவும், 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் இருக்கின்றன. எங்கெங்கிருந்தோ செடி கொண்டுவந்து வளர்க்கலாம், ரசிக்கலாம். ஆனால் அகத்தியர் மலையின் பூஞ்சையை, மேகத்தை, ஏமாறுவதற்கென்றே வருகிற அந்தப் பூச்சியைத் தொட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது. தொட்டியில் இருப்பது பூ மட்டும்தான். மலையில் இருப்பது ஒரு குடும்பம்.

இதில் எழுதுகிறவனுக்கும் ஒரு தர்மசங்கடம் உண்டு. எழுதினால் நாலு பேருக்கு ஆசை வரும். எழுதாவிட்டால் இப்படி ஒரு பூ இருப்பதே தெரியாது. தெரியாத ஒன்று தீயில் போனாலும் கேட்க நாதியிருக்காது. அதனால் பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும், முகவரியைச் சொல்லக் கூடாது. புது ஆர்க்கிட் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியாளர்கள் பலரும் இப்போது அப்படித்தான் சரியான இடத்தை எழுதாமல் விடுகிறார்கள். மலையின் பெயர் நூற்றைம்பது வருடமாகப் புத்தகத்தில் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. எந்தச் சரிவு, எந்தப் பாறை என்பது யாருக்கும் வேண்டாம். உங்களில் யாராவது மேற்குத் தொடர்ச்சி மலையில் டிரெக்கிங் போய், புல்லுக்கு நடுவே மஞ்சளாக ஒரு குட்டிச் செருப்பைப் பார்த்தால் அதிர்ஷ்டசாலி. கண்ணால் பாருங்கள். போட்டோவை இடத்தின் பெயரோடு ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். பிடுங்கிக்கொண்டு வந்து அடையாறு பால்கனியில் வைத்தால், அது சாகும். சட்டப்படி குற்றமும்கூட.

பொதிகையில் அகத்தியர் இன்னமும் அரூபமாக உலவிக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறவர்கள் நம்மில் உண்டு. எந்தப் பாறைக்குப் பின்னால் என்று அவர்கள் விசாரிப்பதில்லை. மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். அந்த மலையில் குடியிருக்கிற பூவுக்கும் அதே மரியாதையைக் கொடுப்போம்.